அடுத்த வரி அகப்படும்வரை

குமுதினி கையில் தேநீரோடு என் அறை வாசலில் நெடுநேரம் நின்றாள். என் மகள் அப்படி நிற்கிறவள் அல்ல. கோப்பையை மேசையில் வைத்து, "அம்மா, சுடுது, கவனம்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுகிறவள். அவளுடைய முகம் என் கண்ணுக்குத் தெரியாது. வாசல் வெளிச்சத்தில் உருவம் மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. என்ன பிள்ளை என்று நான் கேட்பதற்குள் ஒழுங்கை முடிகிற தொங்கலில் ஓட்டோவின் ஒலிபெருக்கி கேட்டது. மரண அறிவித்தல். "ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்" என்றது குரல். அச்சுவேலிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள அந்த ஓட்டோ எனக்கு அவகாசம் தரவில்லை. பெயரையும் சொல்லிவிட்டது.

"விடியவே போன் வந்ததம்மா," என்றாள் குமுதினி. "எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் நிண்டனான். நித்திரையிலையே போயிட்டாராம்."

குணநாயகம் மாஸ்ரர் இப்படித்தான் போவார் என்று பிறகு யோசித்தபோது தோன்றியது. யாரையும் காக்க வைக்க அவருக்குப் பிடிக்காது. தான் காத்திருப்பார், பிறரைக் காக்க வைக்கமாட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மகன் ரமணன் கேட்டார். மாஸ்ரரிடம் படித்தவர்கள் பலர் எழுதுவீர்கள். வைத்தியர்கள், பொறியியலாளர்கள் எல்லாம் இருக்கிறீர்கள். நான் அவரிடம் படிக்கவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள். ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரை. ஓய்வு பெற்ற பிறகும் கோயிலில் பக்கத்து இடம். இதைத் தடித்த கறுப்புப் பேனையால் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரிதான் பிடிக்கிறது. குமுதினி அதைப் பார்த்துக் கணினியில் தட்டித் தருவாள். ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் அவளை ஏசுங்கள்.

முதலில் அந்த வாணிவிழாவைச் சொல்ல வேண்டும். இதை வாசிக்கிற சிலர் அன்று அங்கே நின்றிருப்பீர்கள்.

வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொலைகாட்டி அனுப்பியிருந்தார்கள். விஜயதசமி மாலையில் எல்லாருக்கும் நிலவு காட்டுவது என்று முடிவு. கல்வித் திணைக்களத்திலிருந்து ஒரு பெரியவரும் வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் பூசையில் ஆய்வுகூடத்துச் சாமான்களை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தோம். தராசுக்குப் பொட்டு, காந்தத்துக்குப் பொட்டு. பக்தி மிகுந்த யாரோ ஒருவர் தொலைகாட்டிக்கும் வைத்துவிட்டார். குழாயில் வைத்திருந்தால் பரவாயில்லை. முன்பக்கத்துக் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அது நன்றாகக் காய்ந்தும் போயிருந்தது.

மறுநாள் பின்னேரம் அதைக் கண்ட அதிபருக்கு வியர்த்துவிட்டது. பெரியவர் கண்ணை வைத்துப் பார்த்தால் நிலவின் நெற்றியில் ஒரு பெரிய பொட்டுத் தெரியுமே! அத்தனை மடங்கு பெருப்பிக்கிற கருவி, பொட்டையும் அத்தனை மடங்கு பெருப்பிக்காதா? ஒருவர் துணியை எடுத்தார், ஒருவர் தண்ணீருக்கு ஓடினார். மாஸ்ரர் குறுக்கே நின்றார்.

"ஒருத்தரும் தேய்க்காதையுங்கோ. காய்ஞ்ச சந்தனத்தைத் தேய்ச்சால் கண்ணாடி கீறுப்படும். பொட்டு அப்பிடியே இருக்கட்டும்."

"மாஸ்ரர், நிலவிலை பொட்டுத் தெரியுமெல்லே!"

"தெரியாது. தெரிஞ்சால் நாளைக்கு நான் பொட்டு வைச்சுக்கொண்டு வாறன்."

அவர் பொட்டு வைக்கிறவர் அல்ல. நீறு மட்டும் பூசுவார். பெரியவர் வந்தார், பார்த்தார், ஆகா என்றார். நாங்களும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தோம். நிலவு சுத்தமாக இருந்தது. குழியும் மேடுமாக அவ்வளவு அழகு. பொட்டு எங்கே போனது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மாஸ்ரர் முற்றத்தில் வைத்தே விளங்கப்படுத்தினார். நிலவின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வருகிற வெளிச்சம் முன்கண்ணாடி முழுவதிலும் விழுகிறது. கண்ணாடி முழுவதும் சேர்ந்துதான் அந்தப் புள்ளிக்குப் படம் போடுகிறது. நடுவில் கொஞ்சத்தை மறைத்தால் மிச்ச இடம் அந்த வேலையைச் செய்யும். நிலவு ஒரு சொட்டு மங்கலாகும், அவ்வளவுதான். படம் வந்து விழுகிற இடத்தில் அழுக்கு இருந்தால்தான் அழுக்குத் தெரியும். "வாசலிலை நிக்கிற அழுக்கு வேறை, மேடையிலை நிக்கிற அழுக்கு வேறை," என்றார். நான் தமிழ் ரீச்சர். உவமை நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கச்சானைக் கொறித்தேன். அந்த வசனம் ஒரு நாள் என்னைத் தேடி வரும் என்று எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்று சில வருஷங்களில் எனக்கு வரிகள் வளையத் தொடங்கின. கொப்பியில் இருக்கிற நேர்கோடு நடுவில் நெளிந்தது. பிறகு நடுவில் ஒரு சாம்பல் புள்ளி வந்தது. எதைப் பார்க்கிறேனோ அதன்மேல் போய் அது உட்கார்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்தில் கண் வைத்தியர் நன்றாகப் பார்த்துவிட்டு, கண் முழுக்க இருளாது, ஓரப் பார்வை இருக்கும், நடுப்பார்வை மட்டும் திரும்பாது என்றார். மென்மையாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்து அழுதேன்.

நான் எதற்காக அழுதேன் என்பது மாஸ்ரருக்கு மட்டும் சரியாக விளங்கியது. எங்கள் கோயிலில் வருஷா வருஷம் புராணபடனம் நடக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிக்க, மற்றவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லுவார். என் ஐயா படித்த இடம் அது. அவருக்குப் பிறகு நான் படித்தேன். பயன் சொல்லுகிறவர் குணநாயகம் மாஸ்ரர். பௌதிக ஆசிரியர் எப்படிப் பயன் சொல்லுவார் என்று வெளியூரார் கேட்பார்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அந்த இடத்தை விட வேண்டி வந்தால் நான் என்னவாக இருப்பேன் என்றே எனக்குத் தெரியவில்லை. சமைக்கலாம், சீரியல் கேட்கலாம். படிக்க ஏலாத புராணக்காரியை யார் நினைப்பார்கள்?

மாஸ்ரர் வந்து விறாந்தையில் இருந்தார். நான் கேட்டேன்: "அண்டைக்கு நிலவிலை பொட்டுத் தெரியேல்லையே மாஸ்ரர். என்ரை கண்ணிலை மட்டும் ஏன் தெரியுது?"

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, "இது வாசலிலை இல்லை ரீச்சர். மேடையிலை விழுந்திட்டுது," என்றார்.

கண்ணுக்குள் படம் விழுகிற இடத்திலேயே அழுக்கு என்று எனக்கு விளங்கியது. அதற்கு மேல் அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அதுவரை எல்லாரும், கண்புரை என்று நினைத்து, வெட்டினால் சரிவரும், உள்ளிப்பூண்டுக்கு மாறும், பொன்னாங்காணி சாப்பிடுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன நடந்தது என்று முதலில் விளங்கவைத்தவர் அவர்தான்.

செய்தி வெளிநாடுகளுக்குப் போனது. எங்கள் சனத்துக்குத் துக்கம் வந்தால் பார்சல் அனுப்புவார்கள். லண்டனிலிருந்து மச்சாள் சோற்றுக் கோப்பை அளவுக்கு ஒரு பூதக்கண்ணாடி அனுப்பினா. கனடாவிலிருந்து பெறாமகன், வெளிச்சம் எரிகிற ஒன்று; பெட்டியில் முப்பது மடங்கு என்று பெரிதாகப் போட்டிருந்தது. அவுஸ்திரேலியாக்காரர் தாங்களும் குறைந்தவர்கள் அல்ல என்று கழுத்தில் தொங்கப் போடுகிற ஒன்றை அனுப்பினார்கள். இன்னும் பெரிது அனுப்பு, இன்னும் பெரிது அனுப்பு என்று குமுதினி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேசை நிறையக் கண்ணாடி. ஒன்றாலும் எனக்கு ஒரு பாட்டைப் படிக்க முடியவில்லை.

மாஸ்ரர் ஒரு ஒற்றை ரூல் கொப்பியோடு வந்து வழக்கு விசாரிப்பதைப் போல ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணாடியைக் கோடுகளின்மேல் பிடித்து, ஒரு கண்ணால் அதற்குள்ளாலும் மற்றக் கண்ணால் வெளியே வெறும் கொப்பியையும் பார்ப்பார். உள்ளே தெரிகிற ஒரு இடைவெளிக்குள் வெளியே எத்தனை இடைவெளி அடங்குகிறது என்று பார்த்தால் அதுதான் உருப்பெருக்கம். முப்பது மடங்குக்காரரைப் பிடித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெட்டியிலைதான் முப்பது. உள்ளுக்கை ஐஞ்சரைதான்."

"பொய்யோ?"

"முழுப் பொய் எண்டும் சொல்லேலாது. நீளத்திலை ஐஞ்சரை மடங்கு எண்டால், பரப்பிலை அது முப்பது. விக்கிறவன் பெரிய இலக்கத்தைத்தானே எழுதுவான். ஆனால் நாங்கள் எழுத்தைப் பரப்பாலை வாசிக்கிறேல்லை."

லண்டன் மச்சாளின் கண்ணாடியைத் தூக்கி, "இது பெரிய யன்னல். பெரிசாய்க் காட்டுற கண்ணாடி இல்லை," என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணாடி அகலமாக இருந்தால் பலமானது என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். உண்மை அதற்கு எதிர். பலம் கூடக்கூடக் கண்ணாடி கூடுதலாக வளைய வேண்டும். கூடுதலாக வளைந்தது சின்னதாகத்தான் இருக்க முடியும். அதற்குள் தெரிகிற இடமும் சுருங்கும். பலமான ஒன்றை அவர் என் கையில் தந்தார். ஒரு எழுத்துத் துலக்கமாகத் தெரிந்தது. ஒரே ஒரு எழுத்து. பக்கத்து எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும்போல் இருந்தது. இராகம் இழுத்துப் படிக்கிற ஒருத்திக்கு ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"பெருப்பிக்கிறது சும்மா கிடைக்கிறேல்லை ரீச்சர். எழுத்துப் பெரிசானால் வரி சின்னனாகும். உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் எடுக்கவேணும். ஆசைப்பட்டால் பாட்டுப் போயிடும்."

இந்த வசனத்தை அவரிடம் படித்தவர்கள் வேறு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் நுணுக்குக்காட்டியைத் திருகித் திருகிப் பெருப்பிக்கிற பிள்ளைகளை, முதலில் சின்னதில் தேடு, பிறகு பெரிதுக்குப் போ என்று ஏசுவாராம்.

அந்தக் கிழமையே குமுதினி ஒரு வழி கண்டுபிடித்தாள். புராணப் பக்கத்தைத் தொலைபேசியால் படம் எடுத்து, பெறாமகன் முந்தி அனுப்பியிருந்த ரப்லெட் திரையில் விரலால் விரித்துக் காட்டினாள். எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எங்கள் பழைய புத்தகத்தின் எழுத்துப் பொடி எழுத்து, தொலைபேசியும் பழசு. ஓரளவுக்கு மேலே விரித்ததும் ணகரமும் னகரமும் ஒரே மாதிரிக் கட்டிகளாகிவிட்டன. சுழிகளைக் காணவில்லை. இன்னும் விரி, இன்னும் விரி என்றேன். கட்டிகள்தான் பெருத்தன.

மாஸ்ரர் அதைப் பார்த்தார். "உதுக்குப் பேர் வெறும் பெருப்பு," என்றார். "படத்திலை இல்லாததை எந்தப் பெருப்பும் கொண்டுவராது பிள்ளை. சுழி முதல்லையே விழேல்லை. பேந்து எப்பிடி வரும்?"

வெறும் பெருப்பு என்பது அவருக்குப் பிடித்த பேச்சு. அரசியல்வாதிகளின் கூட்டம், கலியாண வீட்டுப் பந்தல், சில பேராசிரியர்களின் சிறப்புரை எல்லாவற்றுக்கும் அந்தப் பேர்தான். பலருக்கு இது கோபத்தைத் தந்திருக்கிறது. அவர் வாயை அடக்கத் தெரியாதவர் என்று சொன்னவர்களும் உண்டு, அது உண்மையும்தான்.

கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி எல்லாவற்றிலும் எளியது. "பெருப்பிக்கிறதுக்கு உலகத்திலை உள்ள மலிவான முறை என்ன தெரியுமோ? கிட்டப் போறது," என்றார். ஒரு பொருளைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் அது கண்ணுக்குள் இரண்டு மடங்கு பெரிதாக விழும். சிக்கல் என்னவென்றால், மூக்கோடு முட்டக் கொண்டுவந்தால் கண்ணுக்குக் கலங்கிவிடும். அந்தக் கலங்கலைத் தீர்க்கிற வேலை மட்டும்தான் கண்ணாடிக்கு. "பெருப்பிக்கிறது நீங்கள். கண்ணாடி உங்களைக் கிட்டப் போக விடுகுது, அவ்வளவுதான்." வைத்தியரிடம் என்னோடு வந்து, தடித்த குவிவில்லை போட்ட மூக்குக்கண்ணாடிக்கு எழுதுவித்தார். ஒரு கண்ணுக்கு மட்டும் அந்த வில்லை. அத்தனை கிட்டத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்க ஏலாதென்று மற்றதற்கு மங்கல் கண்ணாடி. கண் கண்ணாடியோடு ஒட்டியிருந்தபடியால் ஒரு எழுத்து அல்ல, ஒன்றிரண்டு சொற்கள் சேர்ந்தே தெரிந்தன. புள்ளியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு ஓரத்தால் பார்க்கப் பழகினேன். பழகச் சில மாதங்கள் பிடித்தன. அழுதழுதுதான் பழகினேன்.

அந்த வருஷம் புராணத்துக்கு முன், வேண்டாம், வேறு யாரையாவது வைத்துப் படிப்பியுங்கள் என்று கோயில் மனேச்சரிடம் சொல்லிவிட்டேன். பயமும் வெட்கமும்தான் காரணம். புத்தகத்தை முகத்தில் அப்பிக்கொண்டு ஊருக்கு முன்னால் எப்படி இருப்பது? மாஸ்ரரிடம் போய்க் கேட்டார்களாம், யாரை வைப்போம் என்று. "ரீச்சர் படிச்சால் பயன் சொல்லுவன். இல்லாட்டில் வீட்டை படுப்பன்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருடைய மனைவி பூமணியக்கா என் வீட்டுக்கு வந்தா. "இந்த மனிசன் பின்னேரத்திலை வீட்டிலை கிடந்தால் என்னாலை ஏலாது. நீர் போய்ப் படியும் தங்கச்சி," என்றா. அதற்கு மேல் என்ன மறுப்பது?

முதல் நாள் விளக்கோடு ஒரு மேசை லாம்பையும் வைத்தார்கள். நான் புத்தகத்தை மூக்குக்கு நேரே தூக்கினேன். பெண்கள் பக்கத்தில் யாரோ, "ரீச்சர் புத்தகத்தை மணந்து பாக்கிறா போல கிடக்கு," என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. கண் போனால் காது கூர்மையாகும் என்கிறார்களே, அது வேண்டாத நேரத்தில்தான் வேலை செய்கிறது. புத்தகத்தைக் கீழே இறக்கப் பார்த்தேன். மாஸ்ரர் ஒலிவாங்கியை இழுத்தார்.

"ஓம், மணந்து பாத்தால்தான் பாட்டு விளங்கும். நீங்களும் வீட்டை போய் ஒருக்கால் மணந்து பாருங்கோ."

சபை சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே நான் முதல் வரியைத் தொடங்கிவிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வரிக்குள் ஓடுவது பரவாயில்லை. வரி முடிந்ததும் புத்தகத்தை மற்றத் தொங்கலுக்கு நகர்த்தி அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும். தெரிகிற இடம் சின்னது. ஒரு வரி மேலே போய்விடும், ஒரு வரி கீழே போய்விடும். முதற் பாட்டில் இரண்டாம் வரி கிடைக்காமல் நான் தடுமாறியது நினைவிருக்கிறது. வழக்கத்தில் முழுப் பாட்டையும் படித்து முடித்த பிறகுதான் பயன். இரண்டாம் பாட்டில் நான் முதல் வரியை முடித்ததும் மாஸ்ரர் இடையில் புகுந்து பயன் சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அன்று முடிந்த பிறகு கேட்டேன்.

"என்ன மாஸ்ரர், பாட்டை முறிக்கிறியள்?"

"நீங்கள் அடுத்த வரியை ஆறுதலாய்த் தேடுங்கோ. நான் அங்கால சனத்தை ஒரு கதையிலை கட்டி வைக்கிறன். வரி அகப்பட்டால் படியுங்கோ, நான் விட்டிடுவன்."

அன்றிலிருந்து எங்கள் கோயிலில் புராணம் வரி வரியாகத்தான் நடந்தது. புதுப் பாணி என்று சிலர் மெச்சினார்கள். வழக்கத்தை மாற்றுகிறார் என்று சிலர் குறை சொன்னார்கள். வரி சீக்கிரம் கிடைத்தால் ஒரு சொல்லில் பயன் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் மாஸ்ரர் எங்கெங்கோ போவார். பருத்தித்துறை பஸ்ஸில் ஒருவர் மீன் கிடந்த ஓலைக் கடகத்தை மறந்துவிட்டு இறங்கிய கதை, தெல்லிப்பழையில் மாடு வாங்கப் போன தரகரின் கதை. கதை உச்சத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்து எனக்கு வரி அகப்படும். அவர் அப்படியே நிறுத்துவார். அந்தக் கடகம் கடைசியில் கிடைத்ததா என்று எத்தனை பேர் அவரை மறித்துக் கேட்டீர்கள்! "ரீச்சரைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவார். கதைகள் ஏன் முடியவில்லை என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். கடகத்துக்கு என்ன நடந்ததென்று எனக்கும் தெரியாது.

எனக்கு வரி அகப்பட்டது அவருக்கு எப்படித் தெரிகிறது என்பதை நான் அதிகம் யோசித்ததில்லை. நாங்கள் சைகை எதுவும் பேசி வைக்கவில்லை. புத்தகம் நகர்கிற கடதாசிச் சத்தம் நின்றதும் நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பேச்சையும் எழுதியே ஆக வேண்டும். பூமணியக்காவும் பக்கத்தில் இருந்தபோது நடந்தது. எனக்கு எவருடைய முகமும் தெரிவதில்லை. தலைமயிர் தெரியும், காது தெரியும், சட்டை தெரியும். நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். ஒருநாள் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன்.

"மாஸ்ரர், உங்கடை முகம் எனக்கு மறந்துகொண்டு போகுது."

"நல்லதாய்ப் போச்சு. கிழடு தட்டினது தெரியாது."

"பகிடி விடாதையுங்கோ. புத்தகத்துக்கு ஒரு வழி சொன்னியள். இதுக்கு என்ன வழி?"

"வழி அதேதான். கிட்டப் போறது. புத்தகம் மூக்கோடை முட்டினால் ஊர் மணக்கிறா எண்டும். முகம் முட்டினால் ஊர் வேறை கதைக்குமெல்லே."

பூமணியக்கா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மனம் சரியில்லை. அவருடைய குரல் கேட்கும்போது பள்ளிக்கூடக் காலத்து முகத்தை எடுத்து அதன்மேல் வைத்துக்கொள்வேன். அது வரவர மங்கிக்கொண்டு போனது.

செத்தவீட்டுக்குப் போனபோது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். குனிந்து கிட்டப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பின்னால் சனம் வரிசையில் நின்றது, பூமணியக்கா அழுதுகொண்டிருந்தா. என்னால் முடியவில்லை. கைகளைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான், இனி அந்த முகம் இல்லை என்று நினைத்தேன்.

மாஸ்ரருக்குப் படம் எடுக்கப் பிடிக்காது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கண்ணீர் அஞ்சலி பனர் அடிக்கப் பழைய மாணவர்கள் தேடியபோது நல்ல படம் ஒன்றும் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் புராணத்தின் கடைசி நாளில், மாஸ்ரர் பயன் சொல்லிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் தொங்கலில் நின்று எடுத்த படம் ஒன்று தொலைபேசியில் இருந்திருக்கிறது. அதில் மாஸ்ரரின் முகம் பயறளவு. அதை வெட்டி எடுத்து, ஒரு ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து, சந்தியில் மதிலோடு கட்டிவிட்டார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல் நாள் குமுதினியோடு அந்த வழியால் போனேன். டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ரமணன் பனருக்குக் கீழே நின்றார். குரலில் எரிச்சல் இருந்தது.

"அன்ரி, உது அப்பா மாதிரியே இல்லை. முகமெல்லாம் கட்டம் கட்டமாய்க் கிடக்கு. நேராயும் பாக்கேல்லை. பக்கத்திலை ஆரின்ரையோ புத்தகத்தின்ரை மூலை வேறை. ஊர் சிரிக்கும். கழட்டிப்போட்டு வேறை அடிக்கப் போறம்."

"ஓம் அம்மா, வடிவாயே இல்லை," என்றாள் குமுதினியும்.

நான் நிமிர்ந்தேன். வழக்கம்போல் நேரே பார்க்காமல், புள்ளியை மேலே தள்ளி, ஓரத்தால் பார்த்தேன். சாம்பல் புள்ளி அவருடைய நெற்றியில் ஒரு பொட்டளவுதான் மறைத்தது. மிச்சம் முழுவதும் முகம். நரைத்த மீசை. ஒட்டிய கன்னம். நான் அறிந்திராத கிழவராகிய குணநாயகம் மாஸ்ரர்.

கட்டங்கள் எனக்குத் தெரியவில்லை. கட்டங்களைப் பிரித்துப் பார்க்கிற கூர்மை என் கண்ணில் இல்லை. மற்றவர்களுக்கு வெறும் பெருப்பாக இருந்தது என் கண்ணுக்கு அளவாக இருந்தது. எவ்வளவு வேணுமோ அவ்வளவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் மாஸ்ரர். யாருடைய கண்ணுக்கு எவ்வளவு என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

பிறகுதான் ரமணன் சொன்னது மனதில் பட்டது. நேராகப் பார்க்கவில்லை. முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. சபையைப் பார்த்துக் கதை சொல்லுகிறவர் சபையைப் பார்க்கவில்லை. அவருடைய இடப்பக்கம் திரும்பியிருந்தார். புத்தகத்தின் மூலை இருந்த பக்கம். நான் இருக்கிற பக்கம்.

கடதாசிச் சத்தத்தைக் கேட்டு அல்ல. அத்தனை வருஷமும், ஒவ்வொரு வரிக்கும், வாய் சபைக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு வரி அகப்பட்டுவிட்டதா என்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். புத்தகம் என் முகத்தை மூடியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

நடுச் சந்தியில் நின்று நான் அழுதேன். ரமணன் பயந்துபோனார். "தம்பி, கழட்டாதையும்," என்றேன். "கழட்டுறதெண்டால் எனக்குத் தாரும்."

அவர் தந்தார். இப்போது அந்தப் பனர் என் அறைச் சுவரில் கூரை வரைக்கும் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் திடுக்கிடுகிறார்கள். குமுதினி ஓரங்களை மடித்துத் தைத்துத் தந்தாள். புத்தகத்தின் மூலையை மட்டும் மடிக்க நான் விடவில்லை. இந்த வருஷமும் புராணம் படிக்கச் சொல்லிக் கோயிலிலிருந்து கேட்டுவிட்டார்கள். பயன் சொல்ல யாரோ ஒரு புதியவர் வருவாராம். எப்படிப்பட்டவரோ, வரிக்கு வரி நிற்பாரோ, தெரியாது. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரங்களில் லாம்பைப் போட்டு, அந்த முகத்துக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுப் படித்துப் பழகுகிறேன். வரி முடிகிறது. புத்தகத்தை மெல்ல நகர்த்துகிறேன். அடுத்த வரி உடனே அகப்படுவதில்லை. அவசரப்படாமல் தேடுகிறேன், மாஸ்ரர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.